டிப்ளமாட், ராஜதந்திரி, தூதர்: வலங்கைமான் சாஸ்திரியாரை எந்தச் சொல்லால் குறிப்பது?

அயல்நாட்டில் அரசின் சார்பில் பேசிவிட்டு வந்த ஒருவரின் பணியைத் தமிழில் எடைபோட்டு எழுத உட்கார்ந்தால், முதல் வரியிலேயே சொல் இடறுகிறது. ‘டிப்ளமாட்’ என்பதை இலங்கைத் தமிழ் இதழ்கள் ‘இராஜதந்திரி’ என்று எழுதுகின்றன. நம் நாளிதழ்கள் ‘தூதரக அதிகாரி’ என்றும் ‘முன்னாள் தூதர்’ என்றும் மாற்றி மாற்றிப் போடுகின்றன. மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ டீக்கடையில் ‘அவர் பெரிய ராஜதந்திரி’ என்று யாரையாவது சொன்னால், தேர்தல் கூட்டணி பேசி முடிப்பதில் கெட்டிக்காரர் என்று பொருள். அந்த மனிதருக்குப் பாஸ்போர்ட்கூட இருக்கவேண்டியதில்லை. ஒரே ஆளைக் குறிக்க வந்த இச்சொற்கள் மூன்று வேறு தீர்ப்புகளைத் தருகின்றன. வெள்ளையர் ஆட்சியில் இந்தியாவின் சார்பில் பல நாடுகளுக்குப் போய்வந்த வலங்கைமான் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியாருக்கு இவற்றில் எது பொருந்தும் என்பதே இங்கே கேள்வி.

டிப்ளமாட் என்பதன் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ‘டிப்ளோமா’ என்றால் இரண்டாக மடிக்கப்பட்டது. ரோமானியர் காலத்தில் அது அரசு வழங்கும் மடிப்பு ஆவணத்தின் பெயராயிற்று. பயண அனுமதியாகவும் சலுகைச் சாசனமாகவும் அது கையில் இருந்தது. பழைய சாசனங்களை ஆராயும் துறைக்கு ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டிலேயே இதே வேரிலிருந்து பெயர் வைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கை வேலைக்கு இச்சொல்லை இழுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக, சொல்லின் பிறப்பில் சாமர்த்தியம் எதுவும் இல்லை; ஓலை மட்டுமே இருக்கிறது. பல்கலைக்கழகம் தரும் டிப்ளமோவும் இதன் உடன்பிறப்புதான்.

ராஜதந்திரம் வேறு வழியில் வந்தது. வடமொழியில் தந்திரம் என்பது தறியையும் அதில் பூட்டும் பாவு நூலையும் குறித்து, பின் ஒழுங்குபடுத்திய முறை, நூல் என்று விரிந்தது. திருவாவடுதுறையில் இருந்து திருமூலர் அருளியதாகச் சொல்லப்படும் திருமந்திரம் ஒன்பது தந்திரங்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. அங்கே சூழ்ச்சி என்ற நிழலே கிடையாது. பழந்தமிழில் தந்திரம் படையையும் குறித்தது. ஆனால் இன்றைய பேச்சில் தந்திரக்காரன் என்றால் ஏய்ப்பவன், நரித்தந்திரம் என்றால் வஞ்சகம். ‘ராஜ’ என்ற முன்னொட்டு அந்த வஞ்சகத்துக்குப் பட்டு உடுத்துகிறது. அதனால்தான் ஒரு முன்னாள் அதிகாரியை ராஜதந்திரி என்று எழுதுவதை நான் எதிர்க்கிறேன். புகழ்பவருக்கும் அது கைகொடுக்கிறது, சந்தேகப்படுபவருக்கும் கைகொடுக்கிறது. அவர் செய்தது என்ன என்று கேட்கும் முன்பே அவர் கெட்டிக்காரர் என்று முடிவாகிவிடுகிறது.

தூது பழைய சொல். ‘ஓதல் பகையே தூதிவை பிரிவே’ என்று தொல்காப்பியம் தலைவன் பிரிந்துபோகும் காரணங்களில் ஒன்றாகத் தூதைச் சொல்கிறது. வடமொழி ‘தூத’ என்பதோடு இதற்குள்ள உறவு பற்றி அறிஞரிடையே வழக்கு உண்டு. நம் காரியத்துக்கு அந்த வழக்குத் தேவையில்லை. வேண்டியது திருக்குறளின் 69ஆம் அதிகாரமும் அதற்குப் பரிமேலழகர் எழுதிய முன்னுரையும். தூதரை அவர் இரண்டாக்குகிறார்: தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான். முதலாமவன் அமைச்சனுக்கு ஒப்பானவன், இரண்டாமவன் அவனிலும் காற்கூறு குணம் குறைந்தவன் என்கிறார். வடமொழி அரசியல் நூல் மூன்றாவதாக, ஓலையைக் கொண்டுபோய்க் கொடுப்பவனையும் சேர்க்கிறது. வேர்ப்பொருளைப் பிடித்துப் பார்த்தால் டிப்ளமாட் இந்த மூன்றாம் படியில் நிற்பவர். இன்றைய பொருளில் அவர் முதல் படிக்கு ஏறிவிட்டார்.

இந்தப் பாகுபாடு வெறும் இலக்கணம் இல்லை. ஒருவர் வாயிலிருந்து வந்த சொல்லில் எது அனுப்பியவர் சொல், எது அவர் சொந்தச் சொல் என்று பிரிக்க உதவும் அளவுகோல் இது. சொந்தச் சொல்லுக்குத்தானே அவரைக் கணக்குக் கேட்க முடியும்?

சோழநாட்டு வழக்கிலும் இச்சொல் நிலைத்திருந்தது. நாகப்பட்டினத்தில் கடாரத்து (மலேயாவின் கெடா) அரசர் எழுப்பிய சூளாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை விட்டுக்கொடுத்ததை லெய்டன் பெரிய செப்பேடு சொல்கிறது. ஏறத்தாழ 1090இல் முதலாம் குலோத்துங்கன் வெளியிட்ட சிறிய செப்பேட்டில், அந்த விகாரத்துக்குப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமயக்கொடையாக, விடப்பட்ட ஊர்களின் வரி விலக்குக்காக இராசவித்தியாதர சாமந்தன், அபிமானோத்துங்க சாமந்தன் என்ற இருவர் வந்து விண்ணப்பம் செய்கிறார்கள். செப்பேடு அவர்களைக் கடாரத்தரசன் தூதர் என்கிறது. யார் அனுப்பினார், என்ன கேட்டார்கள், என்ன கிடைத்தது: மூன்றும் பதிவாகியிருக்கின்றன. ஒரு தூதரின் பணியை ஆராய இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இதே அளவுகோலை நம் மண்ணிலிருந்து போன ஒருவர்மேல் வைத்துப் பார்க்கலாம். வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார் 1869இல் வலங்கைமானில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். கும்பகோணத்தில் படித்தார். சென்னை திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராக இருந்தார். கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் 1907இல் சேர்ந்து, கோகலே மறைந்த 1915இல் அதன் தலைவரானார். 1919இல், விசாரணையின்றிச் சிறைவைக்க வழிசெய்த ரௌலட் மசோதாவை அரசின் முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசினார். பிறகு மிதவாதியாக, லிபரல் கட்சிக்காரராக நின்றார். 1921இல் லண்டன் ஏகாதிபத்திய மாநாடு, சர்வதேச சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்), அதன் தொடர்ச்சியாக வாஷிங்டன் கடற்படை மாநாடு என்று இந்தியாவின் பெயரில் உட்கார்ந்தார். பிரிட்டிஷ் மன்னரின் ஆலோசனை அவையான பிரிவி கவுன்சிலில் உறுப்பினர் பதவியும் அதே ஆண்டு வந்தது. 1922 மார்ச்சில் காந்தி கைதானார்; அந்த ஆண்டுதான் சாஸ்திரியார் அரசு அனுப்பி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா சுற்றி, அங்குள்ள இந்தியருக்குச் சம உரிமை கேட்டுப் பேசினார். தேசியவாதிகள் கசந்துகொண்டதில் வியப்பில்லை. கேட்டது நியாயமான உரிமை. அனுப்பியது உள்ளூரில் அதே உரிமையை மறுத்த அரசு. இரண்டையும் சேர்த்தே எழுதவேண்டும்.

அரசியல் உறவை மட்டும் வைத்து அவரை ஆள்பவரின் ஆள் என்று முடித்துவிடவும் முடியாது. கென்யா இந்தியருக்காக 1923இல் லண்டன் போய் வாதாடி, தோற்று, மனம் கசந்து திரும்பினார். பிற்காலத்தில் சர் பட்டத்தை மறுத்தார். ஒத்துழையாமையை அவர் ஏற்கவே இல்லை. ஆனாலும் காந்திக்கும் அவருக்கும் இடையே இருந்த அன்பு கடைசிவரை அறுபடவில்லை.

1927 கேப்டவுன் உடன்படிக்கையில்தான் அளவுகோல் நன்றாக வேலை செய்கிறது. அதைப் பேசி முடித்த இந்தியக் குழுவுக்கு முகமது ஹபிபுல்லா தலைவர், சாஸ்திரியார் உறுப்பினர். தென்னாப்பிரிக்க இந்தியரை ஒதுக்கிவைக்க வந்த மசோதா விலக்கப்பட்டது. அங்கேயே தங்குவோரை உயர்த்தும் பொறுப்பை அந்த அரசு ஏற்றது. பதிலுக்கு, ஊர் திரும்புவோருக்குப் பெரியவர் ஒருவருக்கு 20 பவுண்டு என்று கொடுத்து அனுப்பும் திட்டத்துக்கு இந்தியா உடன்பட்டது. அப்படி வந்தவர்களில் பலர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள். சென்னையில் இறங்கித் திக்கற்று நின்றவர்கள் உண்டு. இந்தப் பகுதியில் சாஸ்திரியார் பெரும்பாலும் கூறியது கூறியவர். பொறுப்பில் பங்கு உண்டு, முழுப் பொறுப்பு இல்லை. அதன்பின் 1929 தொடக்கம்வரை அங்கேயே இந்திய அரசின் ‘ஏஜெண்டு’ ஆக இருந்தபோது கல்விக்காக அவர் எடுத்த முயற்சிகளும், டர்பனில் அவர் பெயரில் எழுந்த சாஸ்திரி கல்லூரியும் தானாக வகுத்த வேலைகள். அந்தப் புகழ் அவருக்கே சேரும்.

இந்த ஏஜெண்டு என்ற பதவிப்பெயரைச் சற்றுக் கவனிக்கவேண்டும். நெல் ஏஜெண்டு, இன்சூரன்ஸ் ஏஜெண்டு என்று நாம் பழகிய சொல். அடிமை நாட்டுக்குத் தூதர் வைக்க உரிமை இல்லாததால் வந்த தாழ்ந்த பெயர் அது. 1935இல் ஏஜெண்ட் ஜெனரல் ஆயிற்று. 1941இல் ஹைகமிஷனர் ஆயிற்று. தமிழில் முறையே முகவர், தலைமை முகவர், உயர் ஆணையர் எனலாம். காமன்வெல்த் நாடுகள் தமக்குள் அனுப்புவோரை இன்றும் உயர் ஆணையர் என்பது அக்கால மரபின் எச்சமே. செய்தியில் இன்றைய உயர் ஆணையரைத் தூதர் என்று எழுதினால் குற்றமில்லை, ஆனால் 1927இன் சாஸ்திரியாரைத் தூதர் என்று எழுதினால் இல்லாத சுதந்திரத்தை அவருக்குக் கொடுத்தவர்களாவோம்.

மலேயா விஷயத்தில் நான் அவருக்குச் சலுகை தரமாட்டேன். 1936 இறுதியில் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் நிலையைப் பார்த்துவர அரசு அவரை அனுப்பியது. அந்தத் தொழிலாளரில் எத்தனையோ பேர் தஞ்சாவூர், திருச்சி மாவட்டத்து ஏழைகள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். வலங்கைமானிலிருந்து நாகப்பட்டினம் எவ்வளவு தூரம்? பக்கத்து ஊர்ச் சனம்தான் அவர்கள். 1937இல் வந்த அறிக்கை, ஆணுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட் என்ற பழைய கூலியை மீட்கச் சொன்னது. ஆனால் பொதுநிலையை மெச்சியது. ஆள் அனுப்புவதை நிறுத்தக் காரணம் இல்லை என்றது. அங்கிருந்த இந்தியத் தலைவர்கள் ஏமாந்துபோனார்கள். மறு ஆண்டே, கூலி குறைப்பைக் கண்டு, 1938 ஜூனில் இந்திய அரசு உதவிக் குடியேற்றத்துக்கு, அதாவது பயணச் செலவு கொடுத்து ஆள் கொண்டுபோவதற்கு, தடை போடவேண்டி வந்தது. இங்கே அவர் யாருடைய வாசகத்தையும் சுமந்துபோகவில்லை. பார், பார்த்ததைச் சொல் என்று அனுப்பப்பட்டவர். அந்த அறிக்கை அவர் வகுத்தது, அதற்குப் பொறுப்பும் அவருடையதே. வெள்ளி நாக்கு என்று உலகம் புகழ்ந்த அந்த நாக்கு தோட்டத்து லயங்களில் (வரிசை வீடுகளில்) வாழ்ந்தவர்களுக்காக இன்னும் கடுமையாகப் பேசியிருக்கவேண்டும்.

சொல் விளக்கத்தில் சேர்க்கத் தக்க இன்னொரு செய்தியும் உண்டு. 1940இல் சென்னை அரசு அமைத்த கலைச்சொல் குழுவுக்கு இவரே தலைவர். வடசொற்களே மேலோங்கும் என்று தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நடந்திராவிட்டால் முகவர், ஆணையர் போன்ற சொற்கள் அரசு ஏட்டில் இவ்வளவு இயல்பாக ஏறியிருக்குமா என்பது ஐயம்தான்.

ஆகவே இவரைப் பற்றி எழுதுவோருக்கு: 1921 மாநாடுகளுக்கும் 1922 பயணத்துக்கும் இந்தியப் பேராளர் என்க. கேப்டவுனுக்குப் பேச்சுக்குழு உறுப்பினர். 1927 முதல் 1929 வரை இந்திய அரசின் முகவர். மலேயாவுக்கு விசாரணையாளர். பொதுவாக இத்தொழிலைச் சொல்ல ‘அயலுறவு அலுவலர்’ போதும். தூதர் என்பதை அந்தப் பதவி வகித்தவருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ராஜதந்திரியைத் தேர்தல் மேடைக்கே விட்டுவிடலாம்.