மருந்துப் போத்தலைத் திறக்க முன்

வீட்டுத்தோட்டத்தில் ஒரு செடி வாடினால் எங்களிடம் முதலில் வரும் கேள்வி, "மனே, இதுக்கு என்ன மருந்து அடிக்கிற?" என்பதுதான். "இதுக்கு என்ன நடந்தது?" என்று கேட்பவர்கள் குறைவு. விவசாயப் போதனாசிரியராக மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வளவு வளவாகப் போய்ப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: வரும் முறைப்பாடுகளில் பாதிக்கு மேல் மருந்தால் தீராதவை. தண்ணீர், மணல், உப்பு, பருவம் என்று காரணம் வேறெங்கோ இருக்கும். பூச்சியும் நோயும் இல்லாமல் இல்லை. ஆனால் எது என்று பிரித்துப் பார்க்காமல் அடிக்கும் மருந்து காசைத் தின்பதோடு நிற்பதில்லை, கறிச்சட்டிக்கும் வந்து சேர்கிறது.

2022 இல் நாடு நெருக்கடியில் தவித்தபோது, வீட்டில் பயிர் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். அந்த உற்சாகத்தில் தொடங்கிய தோட்டங்கள் பல இன்று புல்லும் சாடிகளுமாகக் கிடக்கின்றன. விட்டுவிட்டவர்களிடம் கேட்டால் "நோய் வந்திட்டு" என்பார்கள். என்ன நோய் என்றால் பதில் இருக்காது.

வாடலிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது அதுதான்.

காய்க்கத் தொடங்கிய கத்தரியோ தக்காளியோ நேற்று வரை நன்றாக நின்றது. இன்று மத்தியானம் இலை பச்சையாகவே தொங்குகிறது, பின்னேரம் கொஞ்சம் நிமிர்கிறது, இரண்டு மூன்று நாளில் முழுச் செடியும் சரிகிறது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து வாளி வாளியாக ஊற்றுவார்கள். அதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். செடியின் அடித்தண்டில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, மண்ணைக் கழுவிவிட்டு, தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடிக் கிளாசில் வெட்டுமுகம் மட்டும் நனையும்படி பிடியுங்கள். ஆட்ட வேண்டாம். பக்டீரியா வாடல் என்றால் சில நிமிடங்களில் வெட்டிய இடத்திலிருந்து வெள்ளை நூல் போல ஒன்று கீழே இறங்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீரே பால் கலந்த மாதிரி மங்கும். கிருமிகள்தான் அப்படி வெளியே வருகின்றன.

நூல் இறங்கினால் கடைக்குப் போகாதீர்கள், இதற்கு மருந்து இல்லை. செடியை வேரோடும் சுற்றி உள்ள மண்ணோடும் கிளப்பி எரியுங்கள். வாய்க்காலில் எறிந்தால் தண்ணீர் ஓடும் இடமெல்லாம் நோயும் போகும். மண்வெட்டியையும் கழுவிவிடுங்கள். அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய், கறிமிளகாய் எதையும் திரும்ப நடக்கூடாது. கச்சான் கடலையும் வேண்டாம், இந்தக் கிருமி அதையும் பிடிக்கும். சோளம், பயிற்றை, வெண்டி என்று மாற்றுங்கள். இடம் இல்லை, கத்தரி வேண்டும் என்றால் புது மண் நிரப்பிய பையில் நடலாம். சுண்டங்கத்தரி வேரில் ஒட்டிய கத்தரிக் கன்று கிடைத்தால் இன்னும் நல்லது. சுண்டங்கத்தரியின் வேர் இந்தக் கிருமிக்கு நன்றாக ஈடுகொடுக்கும்.

நூல் இறங்காவிட்டால் வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது வட்டப்புழு, நெமற்றோட்டு என்போம். மணல் மண் அதற்குப் பிடித்த இடம். வேர் கபிலமாகி நசிந்தால் தண்ணீர் கூடிவிட்டது. செடி முழுக்க நன்றாக நின்று, கத்தரியின் குருத்து நுனி மட்டும் தலை தொங்கினால் தண்டுக்குள் புழு இருக்கிறது. வாடிய பகுதிக்குக் கீழே சேர்த்து வெட்டி, புழுவோடு எரித்துவிட்டால் அந்தக் கத்தரி பிழைத்துக்கொள்ளும். ஒரே மாதிரி வாடல், நாலு காரணம். ஒரே போத்தலால் நாலையும் எப்படித் தீர்ப்பது?

மணலும் உப்பும்

எழுவான்கரையில், அதாவது வாவிக்கும் கடலுக்கும் இடையில், மண்ணைக் கையில் எடுத்தால் விரலிடுக்கால் வழிந்துவிடும். ஊற்றும் தண்ணீர் நிற்காது, போடும் பசளையும் நிற்காது. ஒரு பிடி யூரியாவை ஒரே தடவையில் போட்டுவிட்டு மறுநாள் நல்ல மழை பெய்தால் அது கிணற்றுக்குப் போய்விடும், செடிக்கு அல்ல. கீழ் இலைகள் முதலில் மஞ்சளாகின்றன என்றால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவையாகக் கொடுக்க வேண்டும். அதைவிட முக்கியம் மணலுக்கு உடம்பு வைப்பது. மக்கிய மாட்டெரு, தும்புத்தூள், சீமைக்கிளுவை இலை எல்லாம் போட்டு, மேலே வைக்கோல் மூடாக்கும் போடுங்கள். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மாட்டெருவுக்குப் பஞ்சம் இல்லை, வாகனக் கூலிதான் செலவு.

எருவை மக்க வைத்த பிறகு போடுங்கள். கோழிப் பண்ணையிலிருந்து ஈரமாக அள்ளி வந்த எருவைக் கன்றின் அடியில் குவித்துவிட்டு "செடி எரிஞ்சு போச்சு" என்று வருபவர்கள் உண்டு. உண்மையிலேயே எரிந்துதான் போயிருக்கும். மாட்டெருக் குவியலை மாதக்கணக்கில் கிளறாமல் விட்டால் காண்டாமிருக வண்டு அதற்குள் முட்டையிடும். மரக்கறிக்குப் பெரிய சேதம் இல்லை, ஆனால் வளரும் வண்டு பக்கத்துத் தென்னையின் குருத்தைத் துளைக்கும். குவியலைப் புரட்டிப் போட்டு, வெள்ளைப் புழுக்களைக் கோழிக்குப் போடுங்கள்.

தென்னை என்றதும் இன்னொன்று. நம் வளவுகளில் தென்னை இல்லாத இடம் தேடித்தான் பாத்தி போட வேண்டும். தென்னைக்குப் பசளை இடும் வட்டமே மரத்திலிருந்து 1.75 மீற்றர் வரை போகும். அதற்குள் மிளகாய் நட்டால் நீங்கள் போடும் எல்லாம் தென்னைக்குத்தான் போகும். தென்னைக்கென்று உப்புப் புதைக்கும் பழக்கமும் இங்கே உண்டு, அந்த இடத்துக்குக் கிட்டவும் பாத்தி வேண்டாம்.

கடலோரக் கிணறுகளில் உப்பு எப்படியும் இருக்கிறது. மாரி முடிந்து, தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் நீர்மட்டம் இறங்கும், உப்பு ஏறும். இலை ஓரம் மட்டும் தீய்ந்து, பாத்தியின் மேல் வெள்ளைப் பொருக்குத் தட்டினால் அதை நோய் என்று நினைக்காதீர்கள். எல்லாப் பயிரும் உப்பை ஒரே மாதிரித் தாங்காது. மண்ணின் உவரை மீற்றருக்கு இத்தனை டெசிசீமன் என்று அளப்பார்கள். வெங்காயத்தின் விளைச்சல் 1.2 இலேயே குறையத் தொடங்கும், மிளகாய் 1.5 இல், தக்காளி 2.5 இல். பீற்றூட் 4 வரை தாக்குப்பிடிக்கும். கிணற்றுத் தண்ணீர் நாக்கில் கரித்தால் ஆவணி மாதத்தில் வெங்காயத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். ஊற்றும்போது இலை நனையாமல் அடியில் ஊற்றுங்கள். தினமும் மேலால் தெளிப்பதை விட, இடைவெளி விட்டு நிறைய ஊற்றினால் வேரடியில் சேர்ந்த உப்பு கீழே இறங்கும்.

தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்துத் தோல் போல் காய்வதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அதுவும் கிருமி இல்லை. ஒரு நாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்று தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது. தண்ணீரைச் சீராக்கினால் அடுத்த காய்கள் நன்றாக வரும். பூ உதிர்வது வேறு கதை. இரவு வெப்பம் 21 பாகைக்கு மேல் ஏற ஏறத் தக்காளி பிஞ்சு பிடிப்பது குறையும். மட்டக்களப்பில் மே முதல் ஆகஸ்ட் வரை இரவுகள் சராசரியாக 25 பாகை அளவில் நிற்கின்றன. அந்தக் காலத்தில் தக்காளிக்கு எந்த ஊக்கியை அடித்து என்ன பயன்? பெருமழை ஓயும் நேரத்தில் பூக்கும்படி கணக்குப் பார்த்து நாற்றுப் போடுங்கள். மழைக்குள் நடுவதாயின் பாத்தியை உயர்த்திப் போடுங்கள்.

மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது?

"இலை சுருளுது" என்று சொன்னால் போதாது. மேல் நோக்கி, ஓடம் மாதிரி மடிந்தால் பனிப்பூச்சி. கீழ் நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பு நீண்டு, குருத்து கரடுமுரடானால் சிற்றுண்ணி. இலை சிறுத்து, நெளிந்து, செடியே குறுகி நின்றால் வெண் ஈ கொண்டுவந்த வைரஸாக இருக்கலாம். அதைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. சந்தேகம் என்றால் வெள்ளைக் கடதாசி ஒன்றைப் பிடித்துக் குருத்தை அதன் மேல் தட்டுங்கள். மெல்லிய ஊசி நுனி அளவில் மஞ்சளாக ஓடுவது பனிப்பூச்சி. சிற்றுண்ணி வெறும் கண்ணுக்குத் தெரியாது.

ஏன் இந்த ஆராய்ச்சி என்றால், சிற்றுண்ணி பூச்சி இனமே இல்லை. அதற்குச் சாதாரணப் பூச்சிநாசினி அடித்தால் அதைத் தின்னும் நல்ல உயிர்கள் சாகும், அது பெருகும். அடிக்க அடிக்கச் சுருட்டல் கூடுவதற்குக் காரணம் இதுதான். நீரில் கலக்கும் கந்தகத் தூள் சிற்றுண்ணிக்குக் கேட்கும். லேபலில் உள்ள அளவில், வெயில் தணிந்த பிறகு அடியுங்கள், மத்தியானத்தில் அடித்தால் இலை கருகும். பனிப்பூச்சிக்கு முதலில் வேப்பம் விதைப் பருப்பைப் பாருங்கள்: 50 கிராம் இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கலந்து இலையின் அடியில் படும்படி தெளிக்க வேண்டும். மேல் பக்கம் மட்டும் நனைத்துவிட்டு வேம்பைக் குறை சொல்லாதீர்கள்.

வெண்டியில் நரம்பு மஞ்சளாவதும் வெண் ஈ கொண்டுவரும் வைரஸ்தான், பிடுங்கிவிடுங்கள். மாரியில் வரும் ஆபிரிக்க நத்தையை இரவில் டோர்ச் அடித்துப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளிக்குள் போடுங்கள், பாத்தியில் உப்பைத் தூவ வேண்டாம். கட்டாக்காலி மாட்டுக்கு வேலியைத் தவிர வேறு மருந்து இல்லை.

பந்தலுக்கு எப்போது போகிறீர்கள்?

பூசணியும் பாகலும் காலையில் பூக்கும். புடோல், பீர்க்கு, சுரை மூன்றும் பின்னேரத்திலோ இரவிலோதான் விரியும், புடோலுக்கு மகரந்தம் கொண்டுபோவது இரவு அந்துப்பூச்சி. "பிஞ்செல்லாம் மஞ்சளாகி விழுது" என்பவர்கள் காலையில்தான் பந்தலுக்கடியில் நின்று பார்க்கிறார்கள். பின்னேரம் ஆண்பூ ஒன்றைப் பறித்து, அடியில் பிஞ்சோடு இருக்கும் பெண்பூவின் நடுவில் தடவிப் பாருங்கள். முதல் வாரங்களில் ஆண்பூ மட்டுமே பூப்பது இயல்பு, அதற்குப் பதற வேண்டாம்.

விழுந்த பிஞ்சை வெட்டிப் பார்த்து, புழு இருந்தால் பழ ஈ. பிஞ்சு விரல் நீளம் வரும்போதே கடதாசிப் பை கட்டுங்கள். புழு விழுந்ததைக் கூட்டெருக் குழியில் போடாமல், கறுப்புப் பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் வையுங்கள். மாமரத்துக்குத் தொங்கவிடும் மெதில் இயூஜினோல் பொறியைப் பாகல் பந்தலுக்குக் கொண்டுவருகிறார்கள். பந்தலைத் தாக்கும் ஈ வேறு இனம், அது கியூலூர் என்ற வாசனைக்குத்தான் வரும்.

வயலில் இருந்து வந்த தெளிகருவி

இது அம்பாறைப் பக்கம் அதிகம். ஒரு வீட்டில் தக்காளியின் புது இலைகள் ஒடுங்கி, முறுகி, நார் நாராக வந்திருந்தன. வைரஸ் என்று சொல்லி இரண்டு மருந்து அடித்தாயிற்று. சுற்றி வேறு எந்தப் பயிரிலும் இல்லை. தெளிகருவி யாருடையது என்று கேட்டேன். மச்சானுடையது, வயலுக்குப் புல்லுக்கு அடித்துவிட்டுக் கொடுத்தது. அகன்ற இலைக் களைகளுக்கு நெல்வயலில் அடிக்கும் எம்சிபிஏ போன்ற களைநாசினி, தாங்கியின் அடியில் கொஞ்சம் மிஞ்சினாலே தக்காளியை இப்படி ஆக்கிவிடும். காற்றில் வந்தாலும் ஆக்கும். வீட்டுத்தோட்டத்துக்கு ஒரு சின்னக் கைத்தெளிகருவி தனியாக வாங்கி வையுங்கள்.

அதை விடப் பெரிய பயம், நெல்லுக்கு அடித்து மிஞ்சிய பூச்சிநாசினியைச் சோடாப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்து கீரைக்கு அடிப்பது. நெல்லுக்குச் சொன்ன அளவும் காத்திருக்கும் நாட்களும் கீரைக்குப் பொருந்தாது. லேபல் இல்லாத போத்தல் குசினிக்குள் நிற்கிறது, பிள்ளைகள் ஓடித் திரிகிற வீடு. அந்தப் போத்தலை இன்றைக்கே வீட்டிலிருந்து அகற்றுங்கள். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றிவிடாதீர்கள்.

பார்த்தும் பிடிபடாவிட்டால் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரே ஒரு இலையைக் கிள்ளி, வாட்ஸ்அப்பில் மங்கலாகப் படம் எடுத்து அனுப்பினால் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது. செத்துக் காய்ந்த செடியும் உதவாது. பாதி வாடிய செடியை வேரோடும் மண்ணோடும் காலையில் கிளப்பி, பொலித்தீனில் அடைக்காமல் பத்திரிகைத் தாளில் சுற்றி வாருங்கள். எப்போது நட்டது, என்ன போட்டது, எந்தத் தண்ணீர், பக்கத்தில் என்ன நிற்கிறது என்பதும் தெரிய வேண்டும். வர முடியாதவர்கள் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைக்கலாம். அழைக்க முன் இலையைப் புரட்டி அடிப்பக்கத்தையும் ஒருக்கால் பார்த்துவிடுங்கள், அங்கிருந்து கேட்கப்போகும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.