ஐம்பது ட்ரோன், ஒரே ஆபரேட்டர்

அமெரிக்கக் கடற்படையின் முதுநிலைக் கல்லூரி 1909இல் அனாபோலிஸில் தொடங்கியது. 1951இல் கலிபோர்னியாவின் மான்டெரே நகருக்கு இடம் மாறி, ஹோட்டல் டெல் மான்டே என்ற பழைய சொகுசு விடுதியின் வளாகத்திலேயே குடியேறிவிட்டது. அதன் நிகழ்ச்சி நிரலில் விருந்தினர் உரைகளுக்குக் குறைவே இருக்காது. கிங் ஹால் அரங்கில் தளபதிகளும் விஞ்ஞானிகளும் பேசுவார்கள். கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே கப்பலிலோ விமானத்திலோ பணியாற்றிவிட்டுப் படிக்க வந்தவர்கள் என்பதால், மேடையில் இருப்பவர் சும்மா வாய்ப்பந்தல் போட்டுவிட்டுப் போய்விட முடியாது.

அதே நிரலில் வேறொரு வகை நிகழ்ச்சியும் இருக்கும். மான்டெரேவுக்குத் தெற்கே, பாசோ ரோப்ளஸ் ஊருக்கு அருகில், கேம்ப் ராபர்ட்ஸ் என்ற முகாம். அங்குள்ள மெக்மில்லன் ஓடுபாதையில் ஆண்டுக்குச் சில முறை களச் சோதனைகள் நடக்கின்றன. பொருளை விற்க வருபவர்களுக்கான கண்காட்சி அல்ல அது. பாதி வளர்ந்த கருவியைக் கொண்டுவந்து, வெயிலிலும் காற்றிலும் ஓட்டிப் பார்த்து, எங்கே சொதப்புகிறது என்று தெரிந்துகொண்டு போவதற்கான இடம். என்னைக் கேட்டால், உரைகளைவிட இதுதான் சுவாரசியம்.

2015 ஆகஸ்ட் 27 அன்று அந்த ஓடுபாதையில் கல்லூரியின் ஆய்வகம் ஒன்று 50 ஆளில்லா விமானங்களை ஒரே நேரத்தில் வானில் வைத்திருந்தது. எல்லாம் நுரைப்பொருளால் ஆன, வாலே இல்லாத, வெறும் இறக்கை வடிவச் சிறு விமானங்கள். 25, 25 என்று இரண்டு கூட்டங்கள். இரண்டையும் கவனித்துக்கொண்டது ஒரே ஆபரேட்டர். சங்கிலியால் இழுத்து ஏவும் கருவி ஒன்றை ஆய்வகமே செய்துவைத்திருந்தது. 30 விநாடிக்கு ஒரு விமானத்தை அதனால் வானில் ஏற்ற முடியும். அந்த வேகத்தில்கூட 50 விமானங்கள் ஏற 25 நிமிடம் ஆகும். கடைசி விமானம் கிளம்பும்போது முதல் விமானத்தின் பேட்டரி அந்த 25 நிமிடமும் கரைந்திருக்கும்.

ஐம்பதா, இதென்ன பெரிய எண் என்று தோன்றலாம். ஆயிரக்கணக்கான ட்ரோன்கள் இரவு வானில் டிராகன் வரைகிற காணொளிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த ஒளிக்காட்சிகளில் ஒவ்வொரு ட்ரோனுக்கும் எந்த விநாடியில் எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே தரையில் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் இன்னொன்று பறக்கிறது என்பதே பொதுவாக அதற்குத் தெரியாது. ஒன்று விழுந்தால் டிராகனின் மூக்கில் ஒரு புள்ளி குறையும், அவ்வளவுதான். 2025 ஜூன் 1 அன்று ரஷ்ய விமானத் தளங்களைத் தாக்கிய உக்ரைன் ட்ரோன்களையும் பல செய்திகள் 'திரள்' என்றே எழுதின. 117 ட்ரோன்கள், அதே எண்ணிக்கையில் ஆபரேட்டர்கள் என்று அதிபர் ஜெலென்ஸ்கியே சொன்னார். துணிகரமான திட்டம்தான். ஆனாலும் அதைத் திரள் என்று சொல்ல முடியாது. திரள் என்றால் யார் எங்கே போவது என்பதை விமானங்கள் தங்களுக்குள் பேசி முடிவு செய்ய வேண்டும்.

கூட்டமாகப் பறப்பதற்கான விதிகள் என்னவோ எளியவைதான். 1987இல் கணினி வரைகலை நிபுணர் கிரெய்க் ரெனால்ட்ஸ் மூன்றே விதிகளை வைத்துத் திரையில் பறவைக் கூட்டத்தை உருவாக்கிக் காட்டினார்: அருகில் இருப்பவரை மோதாதே, அவர் போகும் திசையிலேயே போ, கூட்டத்தின் நடுவை விட்டு ரொம்ப விலகாதே. ரோம் நகரத்து வானில் ஸ்டார்லிங் பறவைகளைப் படம் பிடித்து ஆராய்ந்த இத்தாலிய இயற்பியலாளர்கள் 2008இல் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். ஒரு பறவை தனக்கு அருகில் இருக்கும் ஆறேழு பறவைகளைத்தான் கவனிக்கிறது, அவை எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் சரி. ஆயிரம் பறவைகளின் கணக்கு ஆறேழாகச் சுருங்கிவிடுகிறது.

ஆனால் பறவைக்குக் கண் இருக்கிறது. பக்கத்துப் பறவை திரும்பியதை அது அந்தக் கணமே பார்த்துவிடும். கேம்ப் ராபர்ட்ஸில் பறந்தவைபோன்ற எளிய விமானங்களுக்கு அது கிடையாது. ஜிபிஎஸ் மூலம் தன் இடத்தை அறிந்து, அதை ரேடியோவில் சொல்லி, மற்றவை சொல்வதைக் கேட்டுத்தான் அக்கம்பக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். திரளின் தலைவலிகளில் பாதிக்கு மேல் இங்கேதான் ஆரம்பம்.

ஒவ்வொரு விமானமும் விநாடிக்கு 10 முறை 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். 50 விமானங்களுக்கு விநாடிக்கு 500 செய்திகள். எல்லாம் ஒரே அலைவரிசையில். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். வைஃபை மாதிரியான முறைகளில் 'யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் பேசு' என்ற ஒழுங்கு உண்டு. இரண்டு விமானங்கள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருந்து, நடுவில் மூன்றாவது ஒன்று இருந்தால் அந்த ஒழுங்கும் உடைந்துபோகும். இரண்டும் 'வழி காலி' என்று நினைத்துப் பேசும். நடுவில் இருப்பதற்கு இரண்டுமே புரியாது. போதாக்குறைக்கு, திரும்பும்போது விமானம் ஒரு பக்கமாகச் சாயும். அந்த நேரம் பார்த்து அதன் சொந்த பேட்டரியே ஆன்டெனாவை மறைத்துக்கொண்டு நிற்கும்.

செய்தி பாதி சிதைந்து வந்தால் என்ன செய்வது என்பதற்கான அடிப்படைப் பதில்களில் ஒன்றைத் தந்தவர் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹேமிங். பெல் ஆய்வகத்தில் இருந்தபோது, 1950இல், பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும் குறியீட்டு முறையை வெளியிட்டார். நான்கு பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) செய்தியோடு மூன்று சரிபார்ப்பு பிட்களைச் சேர்த்து அனுப்பினால், வழியில் எந்த ஒரு பிட் புரண்டாலும் எது புரண்டது என்று பெறுபவர் கண்டுபிடித்துவிடலாம். அதே ஹேமிங் 1976இல் மான்டெரே கல்லூரிக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தினார். அந்த முறையின் வழிவந்த, அதைவிடப் பலமான முறைகள்தான் இன்றைய ரேடியோக்களுக்குள் வேலை செய்கின்றன.

திருத்தவே முடியாத அளவுக்குக் கெட்டுப்போன செய்தியைத் திரள் என்ன செய்யும்? தூக்கிப் போட்டுவிடும். 'திரும்பச் சொல்' என்று கேட்காது. விநாடிக்கு 18 மீட்டர் போகிற விமானம் ஒரு விநாடிக்கு முன் எங்கே இருந்தது என்ற தகவல் 18 மீட்டர் பழையது. அதைக் கேட்டு வாங்குவதைவிட அடுத்த செய்திக்குக் காத்திருப்பது மேல். அதுவரை, கடைசியாகக் கேட்ட இடம், வேகம், திசை மூன்றையும் வைத்து 'இந்நேரம் இங்கே இருக்கும்' என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். நேராகப் பறக்கும்வரை அந்தக் கணக்கு நன்றாகவே பலிக்கும்.

மோதாமல் இருப்பதற்கு இதை மட்டும் நம்ப முடியாது. அதனால் பொறியாளர்கள் பேச்சே தேவைப்படாத ஒரு வழியையும் வைத்துக்கொள்கிறார்கள்: ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனி உயரம். ஜிபிஎஸ் கிடைமட்டத்தைவிட உயரத்தில் அதிகம் தடுமாறும். எனவே உயரத்துக்குக் காற்றழுத்த சென்சார். தரைக்கு அருகே ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் 12 பாஸ்கல் குறையும். நகத்தளவு சில்லு அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட உணர்ந்துவிடும். வானிலை மாறி அழுத்தம் மாறினால்? எல்லா விமானங்களும் ஒரே ஓடுபாதையில் உயரத்தைப் பூஜ்யமாக வைத்துக் கிளம்பியவை. தவறினால் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரே அளவு தவறும். இடைவெளி அப்படியே இருக்கும்.

இனி கடினமான பகுதி. 'அந்தக் கட்டடத்தை ஒருவர் போய்ப் பார்த்து வரட்டும்' என்று கட்டளை வருகிறது. யார் போவது? பரவலாகப் பயன்படும் வழி ஏலம். ஒவ்வொரு விமானமும் தன் தூரத்தைச் சொல்லும். குறைந்த தூரம் சொன்னது போகும். 7ஆம் எண் 400 மீட்டர் என்கிறது. 12ஆம் எண் 350 என்கிறது. 31ஆம் எண் 900. இதில் 7க்கும் 12க்கும் ஒன்றின் குரல் மற்றதற்கு எட்டவில்லை. 31க்கு இரண்டும் கேட்கிறது. 7 தானே வென்றதாக நினைக்கிறது, 12உம் அப்படியே. இரண்டும் கிளம்பிவிடுகின்றன.

தீர்வு என்னவென்றால், ஒவ்வொரு விமானமும் தன் ஏலத்தை மட்டுமல்ல, இதுவரை தான் கேட்டதிலேயே சிறந்த ஏலத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். 31 '12ஆம் எண், 350' என்று அறிவித்ததும் 7 திரும்பிவிடும். அந்த அறிவிப்பும் வழியில் தொலைந்தால் 7 இன்னொரு விநாடி வீணாகப் பறக்கும். அடுத்த அறிவிப்பில் திருந்தும். இரண்டு விமானங்கள் ஒரே தூரத்தைச் சொன்னால் சின்ன எண்ணுக்கு முன்னுரிமை என்று முன்பே விதி வைத்துவிடுவார்கள். இதில் அழகான விஷயம், முடிவை யாரும் யாருக்கும் அறிவிப்பதில்லை. எல்லோரிடமும் ஒரே பட்டியல் சேர்ந்துவிட்டால், ஒரே கணக்கைப் போட்டு எல்லோரும் ஒரே விடைக்கு வருவார்கள். தலைமை விமானம் என்று ஒன்று இல்லாததால் சுட்டு வீழ்த்துவதற்கும் தலை கிடையாது. இறங்கும்போதும் இதே சிக்கல்தான்: ஒரே ஓடுபாதை, 50 விமானம், வரிசையை யாராவது ஒழுங்குபடுத்த வேண்டுமே.

ஆபரேட்டரின் வேலை விமானம் ஓட்டுவதல்ல. கூட்டத்தைப் பிரித்து, 'இந்தப் பகுதியைத் தேடு', 'அந்தப் பகுதியைக் காவல் செய்' என்று பொதுவான கட்டளைகள் தருவதுதான். திரையில் 50 விமானத்தின் வேகத்தையும் பேட்டரியையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் மனிதர் ஐந்தே நிமிடத்தில் களைத்துப்போவார்.

இதுவரை எல்லா விமானமும் உண்மை பேசும் என்று வைத்துக்கொண்டோம். எதிரி ஒன்றைக் கைப்பற்றி, ஒரு விமானத்திடம் 'எனக்கு 5 மீட்டர்தான்', இன்னொன்றிடம் 'எனக்கு 500 மீட்டர்' என்று ஆளுக்கொரு பொய் சொல்ல வைத்தால்? 1982இல் லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் என்ற கணினி விஞ்ஞானிகள் மூவரும் இதற்கு ஒரு கணித எல்லையை வகுத்தார்கள்: m பொய்யர்களைத் தாங்க குறைந்தது 3m+1 பேர் வேண்டும். 50 விமானத் திரள் 16 பொய்யர்கள்வரை தாங்கலாம். காகிதத்தில். அதற்குத் தேவையான செய்திப் போக்குவரத்தை அந்த நெரிசலான அலைவரிசை தாங்காது. வேறு யாரும் போலியாகப் போட முடியாத மறையீட்டுக் கையொப்பம் போட்டுச் செய்தி அனுப்பினால் இந்த நிபந்தனை தளரும் என்பதால் நடைமுறையில் அந்தப் பக்கம்தான் போகிறார்கள். பொய் சொல்ல வைக்க முடியாவிட்டால் எதிரி ரேடியோவையே இரைச்சலால் மூழ்கடிப்பான். அப்போது ஒவ்வொரு விமானமும் தன் உயரத்தில், முன்பே கொடுத்துவைத்த இடத்துக்குப் போய் வட்டமடிக்கும். மோதாது, ஆனால் திரளாகவும் இருக்காது.

2017 ஏப்ரலில் இதே கேம்ப் ராபர்ட்ஸில் அமெரிக்காவின் தரைப்படை, கடற்படை, விமானப்படைக் கல்லூரி மாணவர்களைத் திரளுக்கு எதிராகத் திரளை மோதவிட்டது பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பா. பக்கத்துக்கு 25, அரை மணி நேர ஆட்டம். சுடுவதெல்லாம் மெய்நிகராகத்தான். அதற்கு முந்தைய அக்டோபரில், கலிபோர்னியாவின் சைனா லேக் பகுதியில் மூன்று போர் விமானங்களில் இருந்து 103 பெர்டிக்ஸ் குட்டி ட்ரோன்களை உதிர்த்துப் பார்த்திருந்தார்கள்.

ஆயுதம் ஏந்தினால் கேள்வி வேறாகிவிடும். 2012இல் வெளியாகி 2023 ஜனவரியில் திருத்தப்பட்ட அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 3000.09 ஆணை, பலப்பிரயோகத்தில் மனிதரின் தீர்மானத்துக்கு உரிய இடம் இருக்க வேண்டும் என்கிறது. கருவி உண்மையான சூழலில் எதிர்பார்த்தபடியே நடக்கும் என்று கடுமையாகச் சோதித்தும் காட்டச் சொல்கிறது. ஆனால் மேலே பார்த்த ஏலத்தில் கட்டடத்துக்கு 7 போனதா 12 போனதா என்பது, எந்த விநாடியில் எந்தச் செய்தி தொலைந்தது என்பதைப் பொறுத்தது. 50 விமானங்களுக்கு இடையே 1,225 இணைப்புகள். ஒவ்வொன்றும் ஒரு கணத்தில் கேட்கலாம், கேட்காமல் போகலாம். அப்படி உருவாகக்கூடிய நிலைமைகளின் எண்ணிக்கையை எழுதினால் 369 இலக்கம் வரும். அத்தனையையும் யாராலும் பறக்கவிட்டுப் பார்க்க முடியாது. அதனால் கணினிக்குள் செய்திகளை வேண்டுமென்றே தொலைத்துத் தொலைத்து, போலி விமானங்களை ஆயிரக்கணக்கான முறை ஓட்டிப் பார்க்கிறார்கள். அதில் தேறிய மென்பொருளைத்தான் நுரை விமானங்களில் ஏற்றி ஓடுபாதைக்குக் கொண்டுவருகிறார்கள்.