வாளி காலியா, கயிறு அறுந்ததா: ஜெனரேட்டர் பேனல் காட்டும் எண்களின் பொருள்

கட்டடப் பராமரிப்பில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் அலாரம் அடித்து நின்றுவிட்டது. பேனலில் ‘எஸ்பிஎன் 100, எஃப்எம்ஐ 4’ என்று வந்தது. 100 என்றால் ஆயில் பிரஷர் என்று தெரிந்துகொண்டு டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தோம். ஆயில் சரியாகத்தான் இருக்கிறது. ரீசெட் செய்தால் மறுபடியும் அதே எண். ஆயில் இருக்கும்போதே இல்லை என்று ஏன் சொல்கிறது?”

பேனல் அப்படிச் சொல்லவில்லை. ஆயிலின் நிலையைச் சொல்ல வேண்டிய சென்சாரிடமிருந்து நம்பத்தக்க சிக்னல் வரவில்லை என்றுதான் சொல்கிறது. இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. முதலாவது உண்மையானால் என்ஜின் சில நிமிடங்களில் பாழாகும். இரண்டாவது உண்மையானால் ஒரு வயரோ கனெக்டரோ சென்சாரோ கெட்டிருக்கிறது, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டைத் தாங்கி நிற்பது 100 அல்ல, அதற்குப் பின்னால் வரும் 4. பட்டியலில் முதல் எண்ணை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவதுதான் பெரும்பாலானோர் தடுமாறும் இடம்.

எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு உள்ள இன்றைய டீசல் என்ஜின்களில் பெரும்பாலானவை ஜே1939 என்ற பொது மொழியில் பேசுகின்றன. என்ஜினில் இருக்கும் கணினி, அதாவது ஈசியூ, பேனலோடு இரண்டு வயர்களில் உரையாடுகிறது. கோளாறு ஏதாவது இருந்தால் அதை நொடிக்கு ஒருமுறை அறிவித்துக்கொண்டே இருக்கும். ஒரு கோளாறுக்கு 32 பிட்கள். அதில் எஸ்பிஎன்னுக்கு 19 பிட்: எதைப் பற்றிய புகார்? எஃப்எம்ஐக்கு 5 பிட்: என்ன மாதிரியான புகார்? இந்தக் கோளாறு இதுவரை எத்தனை முறை தோன்றியது என்ற எண்ணிக்கைக்கு 7 பிட். மிச்சமிருக்கும் ஒரு பிட் இவற்றை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்பதைக் குறிக்கும். எஸ்பிஎன் 100 ஆயில் பிரஷர், 110 கூலன்ட் வெப்பம், 111 கூலன்ட் மட்டம், 190 என்ஜின் வேகம், 168 பேட்டரி வோல்டேஜ். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பட்டியல் பார்த்துக்கொள்ளலாம். எஃப்எம்ஐயைத்தான் புரிந்துகொள்ள வேண்டும். 5 பிட் என்பதால் 0 முதல் 31 வரை மட்டுமே அதற்கு இடம், தினசரி வேலையில் எதிர்ப்படுபவை ஏழெட்டுதான்.

இனி நான் மிகவும் நேசிக்கும் இடத்துக்கு வருகிறேன்.

ஆயில் பிரஷர் சென்சாருக்கு மூன்று வயர்கள். ஒன்றில் ஈசியூ 5 வோல்ட் கொடுக்கிறது, இன்னொன்று கிரவுண்ட், மூன்றாவது சிக்னல். அழுத்தம் கூடக்கூட சிக்னல் வோல்டேஜ் கூடும். அழுத்தம் பூஜ்யமாக இருக்கும்போது சிக்னலும் பூஜ்ய வோல்ட் இருப்பதுதான் முறை என்று தோன்றும். சென்சாரை வடிவமைத்தவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்யவில்லை. அழுத்தமே இல்லாதபோதும் சென்சார் 0.5 வோல்ட் தரும். உச்ச அழுத்தத்திலும் 5 வோல்ட்டை எட்டாது, 4.5 வோல்ட்டோடு நின்றுவிடும். 0 முதல் 10 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) வரை அளக்கும் சென்சாரை எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு பாருக்கும் 0.4 வோல்ட் கூடும். ஆக 4 பார் அழுத்தத்தில் 2.1 வோல்ட்.

கீழே அரை வோல்ட்டையும் மேலே அரை வோல்ட்டையும் ஏன் வீணாக்க வேண்டும்? கிணற்றில் இறைப்பவரின் கையை நினைத்துப் பாருங்கள். எட்டிப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். நிறைந்த வாளி கனக்கும். தண்ணீர் மொள்ளாத வாளிக்கும் ஒரு கனம் உண்டு. அந்தக் கனம் கையில் தெரிந்தால் வாளி இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. கயிறு வெறுமனே லேசாக வந்தால் வாளியே அறுந்துவிட்டது, கிணற்றில் தண்ணீர் உண்டா இல்லையா என்று அந்தக் கயிற்றை வைத்துச் சொல்ல முடியாது. எவ்வளவு இழுத்தும் அசையவில்லை என்றால் வாளி எங்கோ கல்லிடுக்கில் மாட்டியிருக்கிறது. அந்த 0.5 வோல்ட்தான் வெறும் வாளியின் கனம். ‘பிரஷர் பூஜ்யம்’ என்பது சென்சார் உயிரோடிருந்து சொல்லும் ஒரு செய்தி. அந்தக் கனமும் இல்லாமல் சிக்னல் 0 வோல்ட்டுக்கு இறங்கினால் ஈசியூ அதைப் பிரஷராகவே படிப்பதில்லை.

வரம்புகள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சற்று மாறும். தோராயமாக 0.25 வோல்ட்டுக்குக் கீழே போனால் எஃப்எம்ஐ 4: வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிடக் குறைவு, அல்லது சிக்னல் வயர் எங்கோ கிரவுண்டைத் தொடுகிறது. 4.75 வோல்ட்டுக்கு மேலே போனால் எஃப்எம்ஐ 3: வோல்டேஜ் அதிகம், அல்லது வேறொரு சப்ளை வயரைத் தொடுகிறது. இடைப்பட்ட பகுதிக்குள் வரும் வோல்டேஜை மட்டுமே ஈசியூ ஆயிலைப் பற்றிய சேதியாக எடுத்துக்கொள்ளும். ஆயில் பிரஷர் உண்மையிலேயே ஆபத்தான அளவுக்கு இறங்கினால் வருவது எஃப்எம்ஐ 1. இறக்கம் அவ்வளவு மோசமில்லை என்றால் 18, லேசானது என்றால் 17. மேல்பக்கமும் இப்படியே: கூலன்ட் கடுமையாகச் சூடேறினால் 0, நடுத்தரமாக 16, லேசாக 15.

இதே அமைப்பில் இன்னொரு நயமும் இருக்கிறது. சென்சாருக்குப் போகும் 5 வோல்ட் கொஞ்சம் தளர்ந்து 4.9 ஆகிவிட்டால் 4 பாருக்கான சிக்னலும் 2.1 இலிருந்து 2.058 ஆகக் குறையும். அளவு தப்பாகிவிடுமே என்று பயப்பட வேண்டாம். ஈசியூ சிக்னலைத் தனியாக அளப்பதில்லை, தான் கொடுத்த சப்ளையில் அது எத்தனை பங்கு என்றுதான் பார்க்கிறது. அப்போதும் இப்போதும் பங்கு 0.42. அளப்பதும் அளவுகோலும் ஒன்றாகச் சுருங்குவதால் விடை மாறுவதில்லை. ஒரு சிறு தகரக் குப்பிக்குள் இத்தனை யோசனையை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

கூலன்ட் வெப்ப சென்சார் வேறு ரகம். அது இரண்டு வயர் தெர்மிஸ்டர். சூடேறினால் அதன் மின்தடை குறையும். வயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் கூடி, ஈசியூ பக்கம் வோல்டேஜ் 5க்கு ஏறிவிடும். தடை மிக அதிகம் என்றால் கடும் குளிர் என்று பொருள். வரம்பு பார்க்காத ஒரு கருவி இதை ‘என்ஜின் ஜில்லென்று இருக்கிறது’ என்று படித்துவிட்டு நிம்மதியாக இருக்கும், உள்ளே கூலன்ட் கொதித்துக்கொண்டிருந்தாலும். ஆகவே எஸ்பிஎன் 110, எஃப்எம்ஐ 3 என்று வந்தால் ‘சென்சார்தானே, அப்புறம் பார்க்கலாம்’ என்று ஓட்டாதீர்கள். அந்த நேரத்தில் என்ஜினுக்குச் சூட்டிலிருந்து காவல் இல்லை. சென்சார் கோளாறுக்கு என்ஜினை நிறுத்துவதா, எச்சரிக்கையோடு விடுவதா என்பதைப் பேனலை நிறுவும்போதே முடிவு செய்து பதிந்திருப்பார்கள். வாசகரின் செட் நின்றது அப்படிப் பதியப்பட்ட முடிவால்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டார்ட் ஆகும் முதல் சில நொடிகளுக்குப் பேனல் குறைந்த ஆயில் பிரஷரைப் பொருட்படுத்தாது. அப்போது பிரஷர் இருக்க வாய்ப்பே இல்லையே. வேகத்தைத் தனியே அளக்கும் பேனல்கள் ஃப்ளைவீலின் பற்களை எண்ணும்: 118 பல் உள்ள ஃப்ளைவீல் 1500 ஆர்பிஎம்மில் நொடிக்கு 2950 துடிப்பு தரும். துடிப்பு வராவிட்டால் வேகம் எகிறினாலும் தெரியாது என்பதால் வேக சிக்னல் இழப்பைப் பேனல்கள் சாதாரணமாக விடுவதில்லை. வோல்டேஜ், ஃப்ரீக்வென்சி பற்றிய புகார்கள் ஜெனரேட்டரின் மின்பக்கத்தைச் சேர்ந்தவை, அவற்றுக்கு எஸ்பிஎன் தேடிப் பயனில்லை.

ஒரே நேரத்தில் ஐந்தாறு கோளாறுக் குறியீடுகள் வந்து குவிந்தால் ஐந்தாறு பாகம் கெட்டதாக நினைக்க வேண்டாம். பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட் சப்ளையைப் பகிர்ந்துகொள்கின்றன. அதில் ஒரு சென்சார் ஷார்ட் ஆனால் எல்லாமே ஒன்றாகப் புலம்பும். கூட்டத்தில் எஸ்பிஎன் 3509, அதாவது சென்சார் சப்ளை, இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பதிவில் நேரம் இருந்தால் முதலாவதாக வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் பிரஷர் இறங்கி என்ஜின் நின்ற பிறகு ‘ஃப்ரீக்வென்சி குறைவு’ வருவது அதன் விளைவுதான். எண்ணிக்கையையும் பாருங்கள். ஒரு கோளாறு நாற்பது முறை வந்து நாற்பது முறையும் தானாகவே மறைந்திருந்தால், அதிர்வில் தொட்டும் தொடாமலும் ஆடும் கனெக்டர் மீதுதான் என் முதல் சந்தேகம் விழும்.

ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த எண்களின் முழு விளக்கம் விலை கொடுத்து வாங்க வேண்டிய ஆவணத்தில் இருக்கிறது. அதோடு நிற்காமல் சில தயாரிப்பாளர்கள் தங்களுக்கென்று தனிக் குறியீடுகளையும் வைத்து, பட்டியலை டீலரோடு முடக்கிவிடுகிறார்கள். நடு இரவில் மின்சாரம் போய், பேனல் முன்னால் டார்ச்சோடு நிற்கும் ஆபரேட்டருக்கு இது தெரியக் கூடாது என்பதில் என்ன நியாயம்? பாதுகாப்பு சார்ந்த குறியீடுகளின் பொருள் பேனல் கதவின் உட்பக்கத்தில், அவர் படிக்கும் மொழியில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில்தான் ‘பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும்’ என்ற நம்பிக்கை வளர்கிறது. எஃப்எம்ஐ 4 வந்த இடத்தில் அப்படிச் செய்தால் நேரம்தான் போகும். எஃப்எம்ஐ 1 வந்த இடத்தில் செய்து மறுபடி ஸ்டார்ட் கொடுத்தால், ஆயில் படலம் இல்லாமல் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்கில் உரசத் தொடங்கும்.

வாசகரின் செட்டுக்கு வருவோம். முதலில் மோடை ஸ்டாப்பில் வைத்து, தானாக ஸ்டார்ட் ஆக எந்த வழியும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். என்ஜின் ஓடாமல் ஈசியூவுக்கு மட்டும் சப்ளை இருக்கட்டும். சென்சார் கனெக்டரைக் கழற்றி, ஹார்னஸ் (வயர்க்கட்டு) பக்கம் சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் கோளாறு சப்ளை வழியில். வந்தால், கனெக்டர் கழன்ற நிலையிலேயே சில நொடி கழித்துப் பேனலைப் பாருங்கள். திறந்த சிக்னல் வயரின் வோல்டேஜை மேலே, 5 வோல்ட் பக்கம், இழுத்துவைக்கும் வகை ஈசியூ என்றால் எஃப்எம்ஐ 4 மறைந்து 3 வரும். வந்தால் வயரும் ஈசியூவும் நலம், சென்சாரை மாற்றுங்கள். கீழே இழுத்துவைக்கும் வகை என்றால் கழற்றினாலும் 4 தான் இருக்கும், உங்கள் என்ஜின் எந்த வகை என்று அதன் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். மேலே இழுக்கும் வகையாக இருந்தும் 4 மாறவில்லை என்றால் சிக்னல் வயர் வழியில் எங்கோ இரும்பைத் தொடுகிறது என்று கொள்ளலாம். ஈசியூவைச் சந்தேகிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சப்ளையை நிறுத்திவிட்டு, சென்சாரிலிருந்து ஈசியூ வரை ஹார்னஸைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். பிராக்கெட்டில் உரசி உறை தேய்ந்து செம்பு வெளியே தெரியும் இடம் பெரும்பாலும் கிளாம்ப் கழன்று தொங்கும் வளைவில்தான் இருக்கும்.