விரவல் பிணைப்பு: எதுவும் உருகாமல் ஒட்டுவது

டிஃப்யூஷன் பாண்டிங் என்பது இரண்டு துண்டுகளை உருக்காமல், அழுத்திச் சூடாக்கியே ஒட்டும் முறை. அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி. சிலர் 'பரவல் பற்றவைப்பு' என்று எழுதுகிறார்கள். அதில் பற்றவைப்பு சுத்தமாகப் பொருந்தாது.

கும்பகோணத்து நகைப் பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். வளையத்தின் இரண்டு முனைகளையும் சேர்த்து, வெங்காரம் தடவி, துளி பொடி வைத்து ஊதுகுழலால் ஊதினால், நகை அப்படியே இருக்க, பொடி மட்டும் உருகி இடுக்கில் ஓடி இறுகும். அந்தப் பொடிதான் பற்றாசு, அப்படி ஒட்டுவதுதான் பற்றவைப்பு. (ஆசிடை நேரிசை வெண்பா என்ற பாவகையில் தொடக்கத்திலுள்ள குறள் பகுதியையும் அதன் பின் வரும் தனிச்சொல்லையும் ஒட்டவைக்கச் சேர்க்கும் ஓரிரு அசையும் இதே ஆசுதான்.)

நாம் பேசும் வேலையில் எதுவுமே உருகுவதில்லை. அலுமினா (அலுமினியம் ஆக்சைடு), சிலிக்கான் கார்பைடு போன்ற உயர்வகை செராமிக் துண்டுகளுக்கு நடுவே மெல்லிய உலோகத் தகடு ஒன்றை வைத்து, வெற்றிட உலையில் அழுத்திச் சூடாக்குவார்கள். தகடு தாமிரம் என்றால் அது 1085 டிகிரி செல்சியஸில் உருகும், சூட்டை அதற்குக் கீழேயே நிறுத்திவிடுவார்கள். நேரம் கூடக்கூட, தொட்டுக்கொண்டிருக்கும் பரப்புகளில் அணுக்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, இடைவெளி அடைபட்டுப் பிணைந்துவிடும்.

டிஃப்யூஷன் என்பதன் லத்தீன் வேருக்கு 'ஊற்றிச் சிதறவிடுதல்' என்று பொருள், அதனால்தான் பரவல் என்றார்கள் போல. ஆனால் பரவுவது ஒரு பக்கமிருந்து போவது, விரவுவது இரண்டும் கலப்பது. இரு திணைக்கும் பொதுவான பெயரைத் தொல்காப்பியர் காலத்திலிருந்தே விரவுப்பெயர் என்கிறோமே! என் ஓட்டு 'விரவல் பிணைப்பு'க்குத்தான்.

செராமிக்கை என்ன செய்வது? கிரேக்கத்தில் குயவர் மண்ணைக் குறித்த சொல் அது. ஆனால் அலுமினாவில் களிமண்ணே கிடையாது, பீங்கான் என்றால் தட்டும் கோப்பையும்தான் நினைவுக்கு வரும். அப்படியே செராமிக் என்று எழுதிவிடலாம்.

சரி, நடுவில் உலோகம் எதற்கு? செராமிக் வளைந்து கொடுக்காது, அதன் அணுக்களும் லேசில் நகராது. மென்மையான உலோகம் மேடுபள்ளத்துக்கு ஏற்ப நசுங்கி உட்காரும். அப்புறம் ஆறும்போது செராமிக்கும் உலோகமும் ஒரே அளவு சுருங்காததால் வரும் இழுபறியையும் ஓரளவு அதுவே தாங்கும். அலுமினாவுக்கு நையோபியத்தை விரும்புவது இதனால்தான், இரண்டின் வெப்ப விரிவும் ஏறக்குறைய ஒன்று. சிலிக்கான் கார்பைடுக்கு டைட்டானியம் வைத்தால் அது வினைபுரிந்து கார்பைடு, சிலிசைடு என்ற சேர்மங்களாக மாறும், அந்தப் படலம் தடித்துவிட்டால் இணைப்பு நொறுங்கும். இந்தத் தகட்டையும் பற்றாசு என்று எழுத வேண்டாம், 'இடைத்தகடு' போதும்.