நெரிகோமிக் கிண்ணத்தைத் தேய்க்கும்போது எழும் தூசி

நெரிகோமி கற்க வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது, "எப்போது தேய்க்கலாம்?" என்பதைத்தான். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. இந்த ஜப்பானியக் கலையில் வண்ணக் களிமண் பட்டைகளை அடுக்கி, அழுத்தி, கட்டையாக்கிக் குறுக்கே சீவினால், ஒவ்வொரு வில்லையிலும் அதே கோலம் வரும். வில்லைகளை அச்சில் அழுத்திக் கிண்ணமாக்கும்போது மட்டும் மேலே நிறங்கள் இழுபட்டு மங்கிவிடும். அந்த மேல்தோலை எடுத்தால்தான் கோலம் பளிச்சென்று தெரியும். தூசி கிளம்புவதும் அப்போதுதான்.

நான் வேலை பழகிய பட்டறையில், நன்றாகக் காய்ந்த கிண்ணங்களை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்ப்போம். முகத்தில் ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் நீலமாக வரும். யாரும் எதுவும் சொன்னதில்லை.

அந்த நீலம் கோபால்ட். கறுப்புக்கும் பழுப்புக்கும் மாங்கனீசு சேர்ப்பார்கள். அதன் தூசியை நெடுநாள் சுவாசித்தால் நரம்பு மண்டலம் பாதிக்கப்படும். ஆனால் நிறமே சேர்க்காத வெள்ளைக் களிமண்ணும் சாதுவானதல்ல. அதில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் ஓரளவு பிடித்து நிறுத்திவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்தான் மணிக்கணக்கில் காற்றில் மிதந்து நுரையீரலின் அடிவரை போகிறது. அங்கே விழும் தழும்பு ஆறாது. சிலிக்கோசிஸ் என்ற இந்த நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது.

சரி, தேய்க்காமல் என்ன செய்வது? ஈரம் பாதி வற்றி, நகத்தால் அழுத்தினால் தடம் விழும் பதத்திலேயே மெல்லிய இரும்புத் தகட்டால் சுரண்டிவிடுங்கள். மண் சுருள் சுருளாக உதிரும், தூசியே எழாது. அதற்கு மேலும் வழவழப்பு வேண்டுமென்றால், முதல் சூளை முடிந்த பிறகு, தண்ணீருக்குள் வைத்து வாட்டர் பேப்பரால் தேயுங்கள். நிறப்பொடியை எடை போடும்போது என்95 முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். தரையைப் பெருக்கவே கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள்.

இன்னொன்று. விரிசல் விட்ட கிண்ணத்தை ஒட்டி ஒட்டித் தேய்ப்பதில்தான் தூசி அதிகம். ஜப்பானின் கசாமா ஊரில் ஒரு கோயிலின் தலைமைக் குருவாக இருந்தவர் மட்சுயி கோசெய். நெரிகோமியைப் போலவே வண்ணக் களிமண்களைச் சேர்த்துச் செய்யும் நெரியாகே என்ற கலைக்காக 1993-இல் 'வாழும் தேசியச் செல்வம்' என்று அரசு அவரை அறிவித்தது. ஒரே களிமண்ணை எடுத்து அதற்கே வெவ்வேறு நிறம் ஏற்றும் வழியை அவர் கையாண்டார். அடிமண் ஒன்றாக இருந்தால் காயும்போது எல்லா அடுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் சுருங்கும், விரிசலும் குறையும். வேறு வேறு மண்ணைக் கலந்து அடுக்குகிற என் மாணவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஏற்கெனவே பல வருடம் காய்ந்த மண்ணைத் தேய்த்தவர்கள் ஒருமுறை மார்பு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். சிலிக்கோசிஸைக் காசநோய் என்று தவறாக நினைப்பதுண்டு. அதனால் மருத்துவரிடம் போகும்போது, "நான் களிமண் வேலை செய்கிறேன்" என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.