மூச்சைக் கவனித்தால் வலி குறைவது வெறும் மனத்தேற்றலா?

"குடியை விட்டு ஏழு மாதம் ஆகிறது. சாயங்காலம் முதுகுவலி எடுத்தால் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்புகிறது. மாத்திரைக்கும் அடிமையாகிவிடுவேனோ என்று பயம். உட்கார்ந்து மூச்சைக் கவனி, வலி குறையும் என்கிறார்கள். நிஜமாகக் குறையுமா, இல்லை மனசைத் தேற்றிக்கொள்வதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

நிஜமாகவே குறைகிறது. 1979-லேயே அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஸின் இதைச் சில வாரப் பயிற்சியாகத் தொடங்கினார். மருந்துக்கு அடங்காத நாள்பட்ட வலியோடு அங்கே பலர் வந்தார்கள். நரம்பு, தண்டுவடம், மூளை என்று வலி ஏறிப்போகும் பாதை நமக்குப் பள்ளியிலேயே தெரியும். மூளைக்குப் போன பிறகு, எங்கே வலி, எவ்வளவு வலி என்று கணிப்பது ஒரு வேலை. 'ஐயோ, தாங்கலையே' என்று தவிப்பது இன்னொரு வேலை. 2011-ல் அமெரிக்க ஆய்வாளர் ஃபாடெல் ஸெய்டானின் குழுவினர் 15 பேருக்கு நான்கே நாள், தினம் 20 நிமிடம் பயிற்சி கொடுத்துவிட்டு, காலில் 49 டிகிரி சூடு வைத்துப் பார்த்தார்கள். வலியின் அளவு சராசரியாக 40 சதவீதமும் தவிப்பு 57 சதவீதமும் குறைந்திருந்தன.

சரி, இது மனத்தேற்றலா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை வருகிறது.

நம் மூளை தானே அபின் போன்ற பொருட்களைச் சுரக்கும். எண்டார்ஃபின் அவற்றில் ஒன்று. அபினிலிருந்து எடுக்கும் வலிமருந்தான மார்ஃபின் போய்ப் பொருந்துகிற அதே பூட்டில்தான் இதுவும் பொருந்துகிறது. நலோக்சோன் என்ற மருந்து அந்தப் பூட்டின் துளையை மெழுகு வைத்தாற்போல் அடைத்துவிடும். அதன் பிறகு எந்தச் சாவியும் நுழையாது. 1978-ல் கடைவாய்ப்பல் பிடுங்கிய நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. மருந்தே இல்லாத ஊசியை மருந்தென்று நம்பி வலி குறைந்தவர்களுக்கு நலோக்சோன் கொடுத்ததும் வலி கூடியது. அதாவது 'மருந்து போட்டாச்சு' என்ற நம்பிக்கை, பெரிதும் அந்த அபின் பூட்டின் வழியாகவே வேலை செய்திருக்கிறது.

ஸெய்டான் 2016-ல் இதே கேள்வியை மூச்சைக் கவனிக்கும் தியானத்திடம் கேட்டார். ஆரோக்கியமான 78 பேர், அதே 49 டிகிரி சூடு. தியானம் செய்தவர்களில் மருந்தில்லாத வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களுக்கு வலி 21 சதவீதம் குறைந்தது. நலோக்சோன் போட்டவர்களுக்கு? 24 சதவீதம்! பூட்டை அடைத்தும் வலி குறைந்திருக்கிறது என்றால், வேறு கதவு ஒன்று திறந்திருக்க வேண்டும். இதற்கு மாறாக முடிவு சொன்ன சிறிய ஆய்வும் உண்டு, விவாதம் முடியவில்லை. ஆனாலும் போதையிலிருந்து மீண்டு வருகிற ஒருவருக்கு, போதைப்பொருள் கைவைக்கிற பூட்டைத் தொடாமலே வலியைக் குறைக்க வழி இருக்கலாம் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

இந்த ஆய்வுகளுக்கு இன்னும் நிறையப் பணம் ஒதுக்க வேண்டும். மூச்சுக்குக் காப்புரிமை வாங்க முடியாது என்பதால் மருந்துக் கம்பெனிகள் இதில் பணம் போடப் போவதில்லை, அரசுதான் போட வேண்டும். நம் ஊரிலோ 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று பொடி விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத அதை நம்பி ஒருவர் உயிரோடு விளையாடாதீர்கள்.

இன்னொன்று. தினமும் அதிகமாகக் குடிப்பவர் இதைப் படித்துவிட்டு இன்றே சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. வலிப்பும் சித்தப்பிரமையும் வரலாம். முதல் சில நாட்கள் மருத்துவர் கண்காணிப்பு அவசியம்.

இனி அந்தச் சாயங்காலம். குடிக்கத் தோன்றும் உந்துதலை அலையாகப் பார்க்கச் சொன்னவர் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆலன் மார்லாட். அந்த வழியில் உருவான பயிற்சியை 286 பேரிடம் சோதித்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மற்ற சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் போதைப்பொருள் தொட்ட நாட்களும் குறைவு, மிதமிஞ்சிக் குடித்ததும் குறைவு.

முதுகு வலிக்கும்போது கண்ணை மூடி உட்காருங்கள். 'முதுகுவலி' என்ற பெயரை விட்டுவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். இடுப்புக்கு மேல் ஒரு சூடு, பக்கத்தில் ஓர் இழுப்பு, நடுவில் விட்டுவிட்டு ஒரு துடிப்பு. அப்புறம் கடைக்குப் போகச் சொல்லும் உந்துதல் வரும். வாய் ஊறும், நெஞ்சு இறுகும், கால் பரபரக்கும். விரட்ட வேண்டாம், பின்னாலும் போக வேண்டாம். ஒவ்வொரு மூச்சிலும் அது ஏறுகிறதா, நிற்கிறதா, இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும்.