லோரி சைடுல இருக்குற ரெண்டு நம்பருக்கும் பாலத்துக்கும் என்ன சம்பந்தம்

மலேசியாவுல செம்பனை குலை ஏத்துற லோரி, மண்ணு லோரி எதுவா இருந்தாலும் சைடுல ரெண்டு எடை பெயிண்ட்ல எழுதியிருக்கும். பெராத் தன்பா முவாத்தான்னா வெறும் லோரியோட எடை, பெராத் டெங்கான் முவாத்தான்னா சரக்கோட சேத்து போகக்கூடிய உச்ச எடை. ரெண்டாவதுல இருந்து முதல் நம்பர கழிச்சுப் பாருங்க, அவ்வளவுதான் ஏத்தலாம், மேல போனா ஓவர்லோட்.

இது சும்மா சம்மன் போடுறதுக்காக ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) வெச்ச கணக்கு இல்ல. கூட்டரசு ரோடுகளுக்கு 1989ல வந்த எடைக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கு, அதுல மொத்த எடை மட்டும் இல்ல, எத்தன எக்சல் (சக்கரம் மாட்டுற அச்சு), எக்சலுக்கு நடுவுல எவ்வளவு தூரம்னும் பாப்பாங்க. ஏன்னா அதே எடைய குட்டை லோரி சுமந்துட்டு போனா பாரம் முழுக்க பாலத்துல ஒரே எடத்துல அமுக்கும், நீள லோரின்னா பரவிடும். அமெரிக்காவுல இதையே ஒரு ஃபார்முலாவா 1974 சட்டத்துல சேத்தாங்க, அங்க உச்ச எடை 80,000 பவுண்ட், சுமார் 36 டன். நம்ம பக்கம் சில பேரு டயர் தேயுதுன்னு லோட் இருக்கும்போதே, லோட் இல்லாதப்ப தூக்கி வெக்குற எக்சல மேல தூக்கிட்டு ஓட்டுறாங்க, பாரம் முழுக்க மிச்ச எக்சல்ல ஏறிடும், அத விட மோசம் வேற இல்ல.

கொஞ்சம் கூட ஏத்துனா என்ன ஆயிடப்போகுதுன்னு தவுக்கே (முதலாளி) கேப்பாரு. கார் எத்தன போனாலும் பாலத்துக்கு ஒன்னும் தெரியாது, ஆனா இரும்பு பாலத்துல வெல்டிங் வெச்ச எடத்துல திரும்பத் திரும்ப பாரம் ஏறுறதால வர்ற சேதம் எடையோட மூணாம் அடுக்குல ஏறும், அதாவது 10 சதவீதம் கூடுனா சேதம் 33 சதவீதம் கூடும், ரெண்டு மடங்குன்னா 8 மடங்கு. தார் ரோட்டுக்கு நாலாம் அடுக்குன்னு சொல்லுவாங்க, ரெண்டு மடங்குக்கு 16. ஒரே நாள்ல பாலம் விழாது, அதனாலதான் யாரும் பயப்படுறதும் இல்ல. கான்கிரீட்ல மயிரிழை மாதிரி வெடிப்பு விடும், மழைத்தண்ணி உள்ள எறங்கும், கம்பி துரு புடிக்கும். பாலம் ஆரம்பிக்குற எடத்துல மண்ணு அமுங்கி 'டொக்'குன்னு ஒரு தூக்கு தூக்குமே, அங்க லோட் லோரி குதிக்கும்போது அதோட எடைய விட அதிகமான அடி விழுது, மொதல்ல பிய்யுறது பாலத்து இணைப்புல இருக்குற ரப்பர்தான்.

புடிபட்டா டிரைவர் மேலயும் நடவடிக்கை வரலாம், லோரி முதலாளி மேலயும் வரலாம். டிரிப்புக்கு இவ்வளவுன்னு சம்பளம் வாங்குற டிரைவர் மட்டும் மாட்டுறது நியாயமே இல்லன்னு நான் சொல்லுவேன்.

பாலம் ஒடஞ்சு கெடந்தா யாருகிட்ட சொல்றது? ரோட்டு நம்பர பாருங்க. பிடோர்ல இருந்து தெலுக் இந்தான் போற 58 மாதிரி வெறும் நம்பர்னா கூட்டரசு ரோடு, முன்னால 'ஏ' எழுத்து இருந்தா பேராக் மாநில ரோடு, சிலாங்கூர்னா 'பி'. பொதுப்பணி அமைச்சு 2023ல விட்ட மைஜாலான் ஆப்ல போட்டோவும் எடமும் போட்டு அனுப்பலாம். டோல் ஹைவேன்னா அது எல்எல்எம் (மலேசிய நெடுஞ்சாலை வாரியம்) பாக்குற விஷயம். தோட்டத்துக்குள்ள இருக்குற சொந்த பாலம் இதுல எதுலயும் சேராது, அது எஸ்டேட் கம்பெனி பொறுப்பு, மானேஜர்கிட்டதான் எழுதிக் குடுக்கணும்.